டிராக்டர் எஞ்சின் கொதிக்காமல் காப்பது எப்படி?

சேற்றுழவு நடக்கும் நாட்களில், பிற்பகல் இரண்டு மணிக்கு நடுவயலில் நின்றுபோன டிராக்டரைப் பார்க்காத உழவர் இருக்க முடியாது. முன்மூடியைத் தூக்கி வைத்திருப்பார்கள். ரேடியேட்டரிலிருந்து ஆவி பறக்கும். ஓட்டுநர் வாய்க்காலில் வாளியை முக்கி நீர் மொண்டு வருவார். அரை மணி நேரத்திற்குப் பின் வண்டி மறுபடியும் கிளம்பும். "இந்த வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். வெயில்தான் காரணம் என்றால், அதே வெயிலில் அடுத்த வயலில் ஓடும் டிராக்டரும் நின்றிருக்க வேண்டுமல்லவா? அது நிற்காமல் ஓடுகிறது என்றால், குறை வெயிலில் இல்லை, நமது வண்டியில் இருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் கொதிப்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை விலை குறைந்த சிறு பாகங்களே. தேய்ந்த பெல்ட், பிடிப்பு விட்ட மூடி, கூளம் அடைத்த ரேடியேட்டர் ஆகியவை அவற்றுள் சில. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது, நாம் ரேடியேட்டரில் ஊற்றும் நீர். பயிருக்குப் பாய்ச்சும் நீரைப் பரிசோதித்துப் பார்க்கும் உழவர்கள்கூட ரேடியேட்டருக்கு ஊற்றும் நீரைப் பற்றி நினைப்பதில்லை. நான் எந்திரவியல் படித்தவனல்லன், உழவியல் கற்பிப்பவன். ஆயினும் நீரும் உப்பும் என் பாடத்தில் வருபவை. அந்தப் பாடத்தை என் வீட்டு டிராக்டருக்குப் பொருத்திப் பார்க்கத் தவறியதால் ஏற்பட்ட இழப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வெப்பம் எங்கே போகிறது?

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தையும் கலப்பையையும் இயக்கும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடான புகையாக வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் வாங்கி, ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட வேண்டும். அதாவது, நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு மூன்று லிட்டர் டீசலிலும் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குரிய வெப்பத்தை இந்தக் குளிர்விக்கும் அமைப்பு சுமக்கிறது.

சிலிண்டருக்குள் எண்ணெய் எரியும் நொடியில் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே போகிறது. லைனரின் உட்புறம் இந்தத் தீயைத் தாங்குகிறது. வெளிப்புறத்தை 80 முதல் 95 டிகிரி சூட்டிலுள்ள நீர் தழுவி ஓடுகிறது. இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புதான். நீரைத் தள்ளுவது வாட்டர் பம்ப். அந்த நீரைக் குளிரவைப்பது ரேடியேட்டர். அதன் வழியே காற்றை இழுப்பது விசிறி. இதில் எந்த ஒன்று தளர்ந்தாலும் வெப்பம் எஞ்சினுக்குள் தங்கிவிடும்.

நெடுஞ்சாலையில் விரையும் லாரிக்கு ஓட்டத்தினாலேயே காற்று ரேடியேட்டரில் வந்து மோதும். டிராக்டருக்கு அந்த வசதி கிடையாது. கேஜ் வீல் மாட்டிக்கொண்டு சேற்றில் நடை வேகத்தில் நகரும் வண்டிக்கு விசிறி ஒன்றே கதி. சுமையோ முழுச்சுமை. ஆகவேதான் சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது அடங்கியிருக்கும் முள், சேற்றுழவிலும் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் ஏறுகிறது. சாலையில் சரியாக இருக்கிறது என்பதை வைத்து வண்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் நேர்ந்தது

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் குடும்பத்திற்குச் சொந்தமான நஞ்சை இருக்கிறது. அதை என் அண்ணன் பார்த்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன், நடவுக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது டிராக்டர் இரண்டொரு முறை கொதித்தது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இனி தண்ணி தடையில்லாம ஓடுமுங்க, பயப்படாம ஓட்டுங்க" என்று சொல்லிப் போனார். அந்தப் பருவம் எப்படியோ ஓடி முடிந்தது. தினமும் குறைந்த நீருக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்தார்கள். விடுமுறையில் ஊருக்குப் போன நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறு பருவத்தில், பக்கத்துத் தோட்டக்காரருக்கு நான்கு ஏக்கர் உழுதுகொடுக்க ஒப்புக்கொண்ட நேரத்தில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைப் பிரித்துப் பார்த்ததில் அதுவும் வளைந்திருந்தது. சமன் செய்து மாட்டி முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. அவருடைய நாற்று அதற்குள் முப்பது நாளைத் தாண்டிவிட்டது. வேறு வண்டியைத் தேடிப் பிடித்து அவர் நட்டு முடித்தார்; எங்களிடம் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணன் இன்றும் சொல்வார்.

லைனரை வெளியே எடுத்தபோது அதன் வெளிப்புறம் வெள்ளையடித்த சுவர் போலிருந்தது. நகத்தால் கீறினால் பெயரவில்லை. உளி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. பெயர்ந்த பக்கைக் காகிதத்தில் பொதிந்து கல்லூரிக்கு எடுத்துச் சென்று, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கியது. மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று மாணவர்களுக்கு நான் செய்து காட்டும் அதே சோதனைதான் இது. எங்கள் கிணற்று நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு எஞ்சினுக்குள் கல்லாகப் படிந்திருந்தது.

எந்த நீரை ஊற்றுவது?

பைகார்பனேட்டும் கால்சியமும் உள்ள நீரைச் சுட வைத்தால் கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு கரையாத படிவாகப் பிரிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் நீங்கள் சுரண்டுவது இதைத்தான். எஞ்சினில் இது எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படியாது. மிகச் சூடான பரப்பு எதுவோ, அங்கேதான் முதலில் படியும். அதாவது, குளிர்ச்சி எங்கே அதிகம் தேவையோ அந்த இடத்தையே போர்வை போட்டு மூடிவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் சுண்ணாம்புப் படிவு இரும்பைவிடப் பன்மடங்கு மந்தமானது. ஒரு மில்லிமீட்டர் படிவு, பதினைந்து இருபது மில்லிமீட்டர் வார்ப்பிரும்பை அதிகமாகச் சேர்த்தாற்போல வெப்பத்தைத் தடுக்கும். இந்த நிலையில் ரேடியேட்டர் புதிதாக இருந்தும் பயனில்லை. முள் நடுவில் நிற்கும்போதே லைனரும் ஹெட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு உப்பு வரை பாதகமில்லை? பெரிய டீசல் எஞ்சின்களுக்குக் கூலன்ட் கலக்கும் நீருக்கென வழங்கும் வரம்புகளில் ஒன்று இது: லிட்டருக்கு மொத்த உப்பு 340 மில்லிகிராம், கடினத்தன்மை 170 மில்லிகிராம், குளோரைடு 40 மில்லிகிராம் ஆகியவற்றுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். இதனை நம் பாசன நீர்ப் பரிசோதனை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையில் மின்கடத்து திறன் 1 டெசிசீமன்ஸ் என்றிருந்தால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருப்பதாகக் கொள்ளலாம். நெல்லுக்கு 2 டெசிசீமன்ஸ் வரையிலான நீரைப் பெரிதாகத் தயங்காமல் பாய்ச்சுகிறோம். அந்த நீரில் லிட்டருக்கு 1280 மில்லிகிராம் உப்பு உண்டு. எஞ்சினுக்குரிய வரம்பைப்போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. நெல் தாங்குவதை ரேடியேட்டர் தாங்காது. எனவே உங்கள் கிணற்று நீருக்குப் பரிசோதனை அட்டை கைவசம் இருந்தால், மின்கடத்து திறனை மட்டுமல்லாமல் கால்சியம், பைகார்பனேட், குளோரைடு ஆகிய வரிகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். குளோரைடு மிகுந்தால் படிவதோடு நில்லாமல் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

"ரேடியேட்டர் பிடிப்பதே பத்து லிட்டர்; அதில் எவ்வளவு சுண்ணாம்பு இருந்துவிடப் போகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் பத்து லிட்டருக்கு ஐந்து கிராம்தான் இருக்கும். கசிவில்லாத வண்டியில் அந்த ஐந்து கிராமோடு கதை முடிந்தது. ஆனால், நாள்தோறும் ஒரு லிட்டர் குறைகிறது, ஒரு லிட்டர் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலையில் நூறு லிட்டர், அதாவது ஐம்பது கிராம் சுண்ணாம்பு உள்ளே போயிருக்கும். ஆவியாகப் போவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடும். வடிகால் இல்லாத நிலத்தில் உப்பு நீரைப் பாய்ச்சப் பாய்ச்ச நிலம் உவராவது போன்றதே இதுவும். ஆகவே, தினமும் நீர் ஊற்ற வேண்டியிருப்பதை வழக்கம் என்று எண்ணாதீர்கள். நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு அன்றாடம் நீர் தேவைப்படாது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. அதுவே சிறந்தது. இல்லையெனில், மழை பெய்யத் தொடங்கிச் சிறிது நேரம் கூரையைக் கழுவிய பிறகு பிடித்த மழைநீரை வடிகட்டிக் கேனில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் அந்த நீரும் உதவும். வாய்க்கால் நீரை ஊற்றவே கூடாது. அதிலுள்ள வண்டல் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியிலும் எஞ்சின் பிளாக்கின் அடியிலும் போய்த் தங்கும்.

கூலன்ட் அவசியமா?

நம் ஊரில் நீர் உறையாது, பிறகு எதற்கு உறையாமல் காக்கும் மருந்து என்று பலர் கேட்கிறார்கள். உறைதலைத் தடுப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. அதிலுள்ள துரு தடுப்பு மருந்துகளும், கொதிநிலையை உயர்த்தும் தன்மையுமே நமக்கு வேண்டியவை. காய்ச்சி வடித்த நீரைத் தனியாக ஊற்றினாலும் படிவு வராதே தவிரத் துரு வரும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பல டிராக்டர் எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறம் நேரடியாக நீரில் நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது லைனர் நுண்ணியதாக அதிர்வதால் அதன் பரப்பில் சிறு குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் இரும்பைக் கொத்துகிறது. நாளடைவில் ஊசி குத்தியது போன்ற துளைகள் விழுந்து, நீர் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்த் தொட்டிக்கும் போய்விடும். டீசல் எஞ்சினுக்கென்று தயாரித்த கூலன்டில் இதைத் தடுக்கும் சேர்மங்கள் உண்டு. எனவே கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல், கனரக டீசல் எஞ்சினுக்குரியதா, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் தரத்தைச் சேர்ந்ததா என்று பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். ஒரே நிறமாக இருந்தாலும் உள்ளிருக்கும் மருந்து வேறாக இருக்கலாம். இருவேறு வகைகளைக் கலக்கவும் வேண்டாம்; கலந்தால் சில வேளைகளில் கூழாகத் திரண்டு குழாய்களை அடைக்கும்.

கடையில் இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று அப்படியே ஊற்றுவது. மற்றொன்று நீர் கலந்து ஊற்றுவது. டப்பாவைப் படிக்காமல் வாங்கி, முதல் வகையில் நீரைக் கலந்து வீணாக்கியவர்களும், இரண்டாம் வகையை நீர் கலக்காமலே ஊற்றியவர்களும் இருக்கிறார்கள். நீர் கலக்காத கூலன்ட், நீரைவிட வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும். அதிகம் ஊற்றினால் அதிகக் குளிர்ச்சி என்பது தவறு. பாதிக்குப் பாதி என்பது பொதுவான அளவு. மாற்ற வேண்டிய காலத்தைக் கையேடு சொல்லும். மருந்தின் வலு தீர்ந்த கூலன்ட் நிறம் மாறாமலேகூட இருக்கும் என்பதால் மாற்றிய தேதியை மூடிக்கு அருகில் எழுதி வையுங்கள்.

மூடி சாதாரணமானதல்ல

ரேடியேட்டர் மூடியைச் செம்பு மூடி போல நினைப்பவர்கள் பலர். தொலைந்துபோனால் துணியைச் சுருட்டி அடைத்து ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இந்த மூடிக்குள் ஸ்பிரிங்கோடு கூடிய வால்வு ஒன்றும், அதன் நடுவில் சிறிய வால்வு ஒன்றும் இருக்கின்றன. பெரிய வால்வு நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். மூடியில்லாத நீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.5 பார் அழுத்த மூடி போட்டால் சுமார் 111 டிகிரி வரையும், 0.9 பார் மூடி போட்டால் சுமார் 118 டிகிரி வரையும் கொதிக்காமல் நிற்கும். அந்தப் பத்துப் பதினெட்டு டிகிரிதான் சேற்றுழவுப் பிற்பகலில் நம்மைக் காப்பாற்றுவது. சிறிய வால்வு, எஞ்சின் ஆறும்போது துணைப் பாட்டிலிலிருந்து நீரைத் திரும்ப உள்ளே இழுக்கவிடும். அது ஒட்டிக்கொண்டால் வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். அப்படிக் கண்டால் மூடியை மாற்றிவிடுங்கள்.

புது மூடி வாங்கும்போது பழைய மூடியின் மேல் பொறித்துள்ள அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்க வேண்டும். குறைந்த எண் போட்டால் சீக்கிரம் கொதிக்கும். அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்து மாட்டினால், பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பும் ஹோஸும் பிளந்துகொள்ளும். கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும். அடியிலுள்ள ரப்பர் வளையம் உள்விளிம்பில் படியாவிட்டால் எந்த எண்ணாக இருந்தும் பயனில்லை. எஞ்சினின் பாகங்களிலேயே மிக மலிவானவற்றுள் இது ஒன்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதில் நஷ்டமில்லை என்பது என் கருத்து.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

கூடாது. எங்கள் மெக்கானிக் மட்டுமல்ல, பலரும் செய்யும் தவறு இது. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சிறு வால்வு. நீர் சுமார் 82 டிகிரியை எட்டும்போது மெழுகு இளகி விரிந்து, ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கும். அதுவரை நீர் எஞ்சினுக்குள்ளேயே குறுக்கு வழியாகச் சுற்றும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அந்தக் குறுக்கு வழியை அதன் அடித்தட்டு மூடுகிறது. கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி எஞ்சினுக்குள் போகும். நீர் தடையின்றி ஓடுவதாகத் தோன்றினாலும், முழுச்சுமையில் எஞ்சின் முன்னைவிட அதிகமாகவே சூடேறும்.

சுமை குறைந்த வேலையில் நேர்மாறான தீங்கு. எஞ்சின் உரிய சூட்டை அடையாததால் டீசல் சரியாக எரியாது. எண்ணெய் கறுத்துக் களிம்பாகும். சிலிண்டர் சுவரில் ஈரம் படிந்து லைனர் அரிக்கும். பம்ப்செட் டீசல் எஞ்சின் வைத்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். பம்பு தள்ளும் நீரிலிருந்தே ஒரு குழாயைப் பிரித்து எஞ்சினுக்குள் விட்டு வெளியேற்றுகிறோம். வெளிவரும் நீர் சில்லென்று இருந்தால் எஞ்சின் நன்றாகக் குளிர்கிறது என்று மகிழ்கிறோம். அது தவறு. டீசல் கூடுதலாகச் செலவாகும், லைனரும் விரைவில் தேயும். குழாயைத் திருகிக் குறைத்து, வெளிவரும் நீரில் கை வைத்தால் பொறுக்காத சூடு இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். நீருள்ள பாத்திரத்தில் அதை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியும் வைத்து அடுப்பேற்றுங்கள். அதன் மேல் பொறித்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும். இல்லையெனில் அதே எண்ணுள்ள புதியதை மாட்டுங்கள்.

ரேடியேட்டர்

ரேடியேட்டர்களில் செம்பு-பித்தளை, அலுமினியம் என இருவகை உண்டு. அலுமினிய வகை எடை குறைந்தது. புதிய வண்டிகளில் பெரும்பாலும் அதுவே வருகிறது. அதன் பக்கத் தொட்டி பிளாஸ்டிக்கில் இருந்தால் விரிசல் விட்டபின் பற்றவைக்க இயலாது, மாற்றத்தான் வேண்டும். செம்பு-பித்தளை ரேடியேட்டரைப் பக்கத்து ஊர்ப் பட்டறையிலேயே ஈயம் பற்றவைத்து ஓட்டலாம். பழைய வண்டிக்கு மாற்று வாங்குபவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

மாற்று வாங்கும்போது கவனிக்க வேண்டியது மற்றொன்று. குழாய் வரிசைகள் பழையதில் மூன்று இருந்தால் புதியதிலும் மூன்று இருக்க வேண்டும். விலை குறைவென்று இரண்டு வரிசை உள்ளதை வாங்கக் கூடாது. ஆனால் ஃபின் எனப்படும் மெல்லிய தகடுகள் மிக நெருக்கமாக உள்ளதைத் தேடி வாங்கவும் வேண்டாம். நெருக்கமான தகடுகள் தூசியற்ற சாலையில் ஓடும் வண்டிக்கு நல்லது. நம் வயலில் பதரும் சுணையும் அவற்றுக்கிடையே புகுந்து ஒரே நாளில் அடைத்துவிடும்.

அறுவடை இயந்திரம் வைத்திருப்போர் இதை நன்கறிவர். கதிரடிக்கும் பருவத்தில் நாளுக்கு இருமுறையாவது ரேடியேட்டரைத் துடைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, முதலில் காற்றடித்துக் கூளத்தை வெளியேற்றுங்கள். விசிறியின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, அதாவது காற்று உள்ளே வந்த திசைக்கு எதிராக, அடிக்க வேண்டும். எடுத்தவுடன் நீரைப் பீய்ச்சினால் பதரும் தூசியும் சேறாகி இன்னும் இறுகும். சர்வீஸ் நிலையத்து அழுத்த நீரை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கி வழியே மூடிக்கொள்ளும். முன்புறம் கொசுவலையைக் கட்டிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. கூளம் உள்ளே போகாது என்பது சரி, காற்றும் போகாது.

உள்ளே படிந்த சுண்ணாம்புக்கு அமிலம் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் ஈயப் பற்றவைப்பையும் தின்றுவிடும். சலவை சோடாவும் அலுமினியத்திற்கு ஆகாது. இலேசான படிவுக்கு அதற்கென விற்கும் திரவத்தை டப்பாவில் சொன்னபடி பயன்படுத்துங்கள். கனத்த படிவானால் ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் குழாய் குழாயாகச் சுத்தம் செய்வதே வழி.

பெல்ட், விசிறி, பம்ப், ஹோஸ்

பெல்ட்டை இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தணிய வேண்டும். அதற்கு மேல் தணிந்தால் வழுக்கும். தணியாமல் விறைப்பாக இருந்தால் பம்பின் பேரிங் போகும். பெல்ட் தன் இரு பக்கங்களால் கப்பியைப் பிடிக்க வேண்டும். அதன் அடிப்பாகம் கப்பியின் குழியைத் தொட்டுப் பளபளத்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது. இழுத்து முறுக்கிப் பயனில்லை. அதே எண்ணுள்ள பெல்ட் ஒன்றைக் கருவிப் பெட்டியில் எப்போதும் வைத்திருங்கள்.

விசிறியைக் கழற்றி மாட்டும்போது முன்பின் மாறாமல் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் சுற்றும், காற்றையும் இழுக்கும், ஆனால் மிகக் குறைவாக இழுக்கும். அதைச் சுற்றியுள்ள கூட்டை இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். காற்று ரேடியேட்டர் முழுவதிலும் புகுவது அதனால்தான். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். அதில் நீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். சோப்பும் எம்-சீலும் வைத்து அடைப்பவர்கள், அந்த நீரைப் பேரிங்கிற்குள் அனுப்புகிறார்கள். ஹோஸ்களை வண்டி ஆறியிருக்கும்போது பிசைந்து பாருங்கள். மொறமொறப்பாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் மாற்ற வேண்டும். சில வண்டிகளில் கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பம்பு உறிஞ்சும்போது குழாய் சப்பிவிடாமல் தாங்குவது அதுவே. புது ஹோஸ் மாட்டும்போது அதை மறந்து பழையதோடு எறிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முள் சிவப்பைத் தொட்டால்

முதலில் சுமையை நீக்குங்கள். கலப்பையைத் தூக்கி, பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். பெல்ட்டும் ஹோஸும் சரியாக இருந்து, நீர் கொட்டாமல் இருந்தால், எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு நிறுத்துங்கள். உடனே நிறுத்தினால் பம்பும் நின்று, ஹெட்டிலுள்ள சூடு போக வழியின்றி அங்கேயே நீரைக் கொதிக்க வைக்கும். ஆனால் பெல்ட் அறுந்திருந்தாலோ நீர் வெளியே கொட்டியிருந்தாலோ ஒரு நொடியும் ஓட்டாமல் நிறுத்த வேண்டும்.

மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். அழுத்தத்தில் 110 டிகிரியில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாகிப் பீறிட்டு முகத்திலும் மார்பிலும் அடிக்கும். உழவு அவசரத்தில் இப்படி வெந்து போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். அதற்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம். பிறகு தடித்த ஈரத்துணியை மூடியின்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் படி வரை திருகி நிறுத்துங்கள். சீறல் அடங்கியபின் முழுதும் திறக்கலாம். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

நீர் ஊற்றியபின் ரேடியேட்டரின் வாயில் ஓயாமல் குமிழி வந்தாலோ, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தாலோ, கேஸ்கெட் போய்விட்டது. அதற்குமேல் அந்த வண்டியை வயலில் ஓட்ட வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

கூலன்ட் மாற்றும்போது வடித்த பழையதை வாய்க்காலிலோ தோட்டத்திலோ கொட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு. அது இனிக்கும். நாயும் கன்றும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. வடித்ததை அகலமான தட்டில் திறந்து வைக்காமல், உடனே பழைய டப்பாவில் ஊற்றி இறுக மூடி, "விஷம்" என்று எழுதி, எட்டாத இடத்தில் வைத்திருந்து, கழிவு எண்ணெயை ஏற்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றி வைக்காதீர்கள்.